பதினான்கு மாதம் முன்னதாக

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இத்துடன் வங்கிப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கென்று உன் பெயரில் போட்ட டெபாசிட்டை, முதிர்வதற்குப் பதினான்கு மாதம் முன்னதாகவே எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்களாம், போகட்டும். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. காரணம் ஒன்றும் பெரிதில்லை. டெபாசிட் ரசீதின் நகல்களும் உள்ளே இருக்கின்றன.

உன் அப்பா


மார்ச் 13

அப்பா,

படிவம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை.

முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் நீங்கள். ஒரு யூனிட் கூடினாலும் ஏன் என்று கேட்பீர்கள். இப்போது வட்டி போகட்டும் என்கிறீர்கள்! உடம்புக்கு ஏதாவதா? யாருக்காவது ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டீர்களா? போனில் கேட்டால் இருமியே சமாளிக்கிறீர்கள்.

இதற்கிடையில் மாடி வீட்டு அத்தை கூப்பிட்டு, "மாப்பிள்ளை என்னடி பண்றாரு? எங்களுக்கெல்லாம் சொல்லவே மாட்டியா?" என்று பிடித்துக்கொண்டார். எந்த மாப்பிள்ளை? எனக்கே தெரியாமல் எனக்கு நிச்சயம் செய்துவிட்டீர்களா?

இன்னொன்று. ஒரு ரசீதுக்கு எதற்கு ஒன்பது நகல்? நாளெல்லாம் ஊரார் ரத்தத்தைச் சோதிப்பவள் நான். சொந்த ரத்தம் எதையோ மறைப்பது தெரியாதா?

கோபத்துடன்,
உங்கள் மகள்


மார்ச் 21

அன்பு மகளுக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். கவலைப்படாதே.

வங்கியில் காரணம் கேட்டார்கள். "கல்யாணச் செலவு" என்றேன். "பொண்ணுக்குங்களா சார்?" என்று கவுண்ட்டரில் இருந்த பெண் கேட்க, வெட்கத்தில் தலையை ஆட்டிவிட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் மாடி வீட்டு அம்மா. அப்புறம் கேட்கவா வேண்டும்!

கல்யாணம் எனக்கு.

எழுதிவிட்டேன். இனிமேல் பேனா ஓடும். வங்கிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாரே, கண்ணாடி போட்ட அம்மா, அவர்தான். போன வருஷம் ரசீதை நகலெடுக்கப் போனேன். மறுநாளும் போனேன். ஒன்பதாம் நாள், "ரசீது தேஞ்சிடப் போகுது சார். சும்மாவே வந்து உட்காருங்க" என்றார். உன் அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

என் ஒற்றை அறையில் இரண்டு பேர் இருக்க முடியாது. தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். முன்பணம் கேட்கிறார்கள். பதினான்கு மாதம் பொறுக்கலாம்தான். எனக்கு அறுபத்து நான்கு ஆகிறதே, கண்ணு.

ஆனால் அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "உங்க பொண்ணு மனசார சரின்னு சொன்னாத்தான். இல்லைன்னா நீங்க வாடிக்கைக்காரர், நான் கடைக்காரி." நீ வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

பயத்துடன்,
அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள சித்திக்கு,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அம்மா என்று வராது, அது ஒருத்திக்கே கொடுத்த சொல். அக்கா என்றால் அப்பாவுக்கு முறை இடிக்கும். மிச்சம் இருப்பது சித்திதான். கதையில் வருகிற சித்தியெல்லாம் பொல்லாதவர்கள். பரவாயில்லை, நானும் லேசுப்பட்டவள் இல்லை.

அப்பாவின் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். அம்மாவை நினைத்து அழுதேன். என்னிடம் சொல்ல இவ்வளவு பயந்தாரே என்று அழுதேன். அப்புறம் வங்கியில் அவர் தலையாட்டியதை நினைத்து, ஆய்வகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

கையெழுத்துப் போட்ட படிவம் உள்ளே இருக்கிறது. அப்பாவுக்கு அனுப்பாமல் உங்களுக்கே அனுப்புகிறேன். மனசார என்று கேட்டீர்களாமே, மனசாரத்தான் போட்டேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லாததால் முறைப்படி நானே கேட்கிறேன்: எங்கள் அப்பாவைக் கட்டிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?

மாப்பிள்ளையை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். குறட்டை உண்டு. போட்ட துண்டை எடுக்க மாட்டார். மற்றபடி தங்கமான மனிதர். இத்தனை நாள் தனியாக இருந்துவிட்டார். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சித்தி.

பதினெட்டாம் தேதி வருகிறேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் ஒரே பெண்