டிமாண்ட் என்றால் கேட்பது

இன்று காலை முத்தியால்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஓர் ஊர்வலம் வந்தது. முன்னால் வந்த பெண் பிடித்திருந்த அட்டையில் சிவப்பு மையால் 'டிமாண்ட்ஸ்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. உன் முகம் எதிரே வந்து நிற்க அந்த ஒரு சொல் போதும்.

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போன இரண்டாம் வருஷம் அது. ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஒரே வார்டில் நர்சுகள். நீ கன்னியாஸ்திரீகளிடம் பிரெஞ்சில் படித்தவள். நான் கடலூரில் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்தவள். ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்தது. வலிக்காமல் ஊசி போட உன்னை விட்டால் ஆளில்லை. பேனா எடுத்தால் மட்டும் என்னைத் தேடுவாய்.

காரைக்காலில் உன் அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்த அன்றும் அப்படித்தான் ஓடி வந்தாய்.

"லீவு கேட்டு எழுதியிருக்கேன்டி. தப்பு இருந்தா சொல்லு."

பத்து நாள் விடுப்பை 'டிமாண்ட்' செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு உறுத்தியது. ஆனால் டாக்டர் வரும் நேரம், கொதிக்கும் தண்ணீரில் ஊசிகள். "சரியா இருக்குடி, கொண்டு போய்க் குடு" என்றேன்.

மேலதிகாரி மதராஸிலிருந்து புதிதாக வந்தவர். அவர் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. "என்னம்மா, என்கிட்டயே டிமாண்டா? லீவு என்ன, நீ அதிகாரம் பண்ணி வாங்கறதா?"

"லீவுதான் சார் கேட்டேன்" என்று நீ மறுபடி மறுபடி சொன்னாய். பிரெஞ்சில் 'துமாந்தே' என்றால் வெறுமனே கேட்பது. அதைத்தான் நீ இங்கிலீஷில் எழுதியிருந்தாய். அவர் விடுப்புத் தரவில்லை. விளக்கம் எழுதித் தரச் சொன்னார். வெளியே வந்து என்னைப் பார்த்தாய். "என்னடி தப்பு பண்ணேன்?" நான் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காலை பக்கத்துத் தெரு வாத்தியாரிடம் பெரிய அகராதியை வாங்கிப் பார்த்தேன். அந்த இங்கிலீஷ் சொல்லே பிரெஞ்சிலிருந்து போனதுதானாம். அதற்கும் முன்னால் லத்தீனில், ஒருவரை நம்பி ஒப்படைப்பது என்று பொருள். இங்கிலாந்துக் கோர்ட்டுகளில் உரிமையோடு கேட்பதற்குப் புழங்கிப் புழங்கி, அங்கே அதட்டலாகிவிட்டது. அகராதியைச் சுமந்துகொண்டு நேராக மேலதிகாரியிடம் போனேன். நின்றபடியே படித்தார். பிறகு உன் விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இத நேத்தே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

அன்று மதியப் பஸ்ஸில் போனாய். நீ போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

திரும்பி வந்த அன்று, படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். "நீ எழுதினத படிச்சப்பவே அந்தச் சொல்லு தப்பாப் பட்டுது. அவசரத்துல சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். நீ விரிப்பின் ஓரத்தை விடவில்லை.

"கடைசி வரைக்கும் எங்கம்மா வாசலையே பாத்துட்டு இருந்தாங்களாம்."

விரிப்புகளையெல்லாம் அடுக்கி வைத்த பிறகு கேட்டாய்: "அந்த அகராதில என்னதான் போட்டிருந்துச்சு?"

சொன்னேன். லத்தீன் பொருளைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாய்.

"நானும் அப்படித்தான்டி உன் கையில குடுத்தேன்."

அதன் பிறகு ஒரு மாதம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒருநாள் இன்னொரு விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு என்னிடமே வந்தாய். "நல்லாப் பாரு" என்று மட்டும் சொன்னாய். டாக்டர் வந்து நிற்கிறார் என்று ஆயம்மா கூப்பிட்டும், கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இன்றும் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அப்படித்தான் படிக்கிறேன். ஒரு சொல் உறுத்தினால் உடனே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று உன்னிடம் நடந்ததைத்தான் சொன்னேனே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு எத்தனையோ வருஷம் பக்கத்திலேயே இருந்தும் கேட்காமலே விட்டுவிட்டேன்.

கேட்கிறேன்டி. வெறுமனே கேட்கிறேன்.