உதடு மரத்தது, வலி போகவில்லை

அண்ணே,

இன்று காலை கிளினிக்கைத் திறந்ததுமே கம்ப்ரசரில் ‘உஸ்’ஸென்று காற்று கசியும் சத்தம். என் கை தானாகப் போனை எடுத்து உங்கள் நம்பரைத் தேடியது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நம்பரை இன்னும் அழிக்கவில்லை.

தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து பழைய ஸ்கூட்டரில் லாஸ்பேட்டைக்கு வந்து, பதினோரு வருஷமாக என் பல் நாற்காலியையும் கம்ப்ரசரையும் உயிரோடு வைத்திருந்தவர் நீங்கள். எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொட மாட்டீர்கள். ஒவ்வொரு குழாயாக மூடிக் காது கொடுத்துக் கேட்பீர்கள். “இந்த லைன மூடியும் சத்தம் நிக்கலன்னா ஓட்ட இங்க இல்லம்மா. வேற எடத்துல தேடணும்.” எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! நானும் பெரிய புத்திசாலி மாதிரி தலையாட்டியிருக்கிறேன்.

கடைசியாக வந்த அன்றைக்கு நீங்கள் பழுது பார்க்க வரவில்லை. இடது தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தைப் பல் இருந்தது உண்மைதான். அதைப் பார்த்ததும் வேறெதையும் நான் பார்க்கவில்லை. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ஊசிக்குப் பயம் என்று கேலி செய்தேன். “இரும்பு சிலிண்டரையே ஒத்த ஆளா தூக்குவீங்க, இத்தினியூண்டு ஊசிக்கு இப்படி வேர்க்குதா!” நீங்களும் சிரிக்கப் பார்த்தீர்கள்.

தாடை நரம்பில் மரத்துப்போகிற ஊசியைப் போட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து, “மரத்துச்சாண்ணே?” என்றேன்.

“ஒதடு நல்லா மரத்துச்சும்மா. வலி மட்டும் அப்டியே இருக்குது.”

லைனை மூடியாகிவிட்டது. சத்தம் நிற்கவில்லை. ஓட்டை பல்லில் இல்லை, நெஞ்சில். மாரடைப்பின் வலி தாடைக்கும் வரும் என்று படித்துப் பாஸ் பண்ணியவள்தானே நான்? பாவி, சீழ் இருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டாவது ஊசியும் போட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்து, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். சாரம் பகுதியில் உங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய நீங்கள் படியேறவில்லை. அங்கேயே சரிந்துவிட்டீர்கள்.

அந்த ஊசி மருந்தில் கலந்திருக்கும் அட்ரினலின் உங்கள் இதயத்தை இன்னும் விரட்டியதா? தெரியாது. இனி யாராலும் சொல்ல முடியாது. ஐயோ, அதுதான் என்னைத் தின்கிறது.

காரியத்தன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “கடசியா அவரு வலிய கொறச்சி அனுப்பிச்சது நீதாம்மா.” நான் மறுக்காமல் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் யாருக்கு ஊசி போட்டாலும், மரத்துச்சா என்பதோடு நிறுத்துவதில்லை. “வலி போச்சா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எதையும் கையில் எடுப்பதில்லை. நான் கேட்காமலே நீங்கள் பதில் சொன்ன கேள்வி அது.

நேற்று அண்ணி போன் செய்தார். கடைவாய்ப் பல் வலியாம். “ஒன் கைன்னா எனக்குப் பயமில்லம்மா, நாளைக்கு சாயங்காலம் வரேன்” என்றார்.

நீங்கள் உட்கார்ந்த அதே நாற்காலியில்தான் இன்று உட்காரப்போகிறார். ஊசியைத் தொடுமுன் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன், அண்ணே. அதைக் கேட்ட பிறகும் அவர் என்னிடம் வாயைத் திறப்பாரா, தெரியவில்லை.