இத்தாலிக் களிக்கடை

ஆகஸ்ட் 2, சனி

காலையிலிருந்தே காற்று. ஆடி முடிகிறவரை இப்படித்தான் உயிரை வாங்கும். எத்தனை தரம் பெருக்கினாலும் மேசை மேல் கரிசல் புழுதி.

இன்று செய்ய வேண்டியவை: மக்காச்சோளம் புடைக்க. மில்லில் கொடுத்து ரவையாக உடைக்க. தக்காளி. போர்டு எழுதுகிறவரை விரட்ட. பெரியத்தான் கண்ணில் படாமல் இருக்க.

கடைசியது நடக்கவில்லை. கடை திறந்த கையோடு வந்துவிட்டார். இவருடைய அண்ணன், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எங்கள் கடை இருப்பது அவருடைய பழைய குடோனில். வாடகை கேட்கமாட்டார், கேள்விதான் கேட்பார். வாசலில் கிடந்த மூட்டையைச் செருப்புக் காலால் தட்டினார்.

"இது கோழித் தீவனம்லா?"

"மனுசனும் திங்கலாம்ண்ணே. இத்தாலியில மலையோரத்துல எல்லாம்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"நாமக்கல்லுக்கு லாரியில ஏத்துறத ரோட்டுல போற வெள்ளைக்காரனுக்குப் போடுத. நல்லா இருடே."

இவர் சிரித்துக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தாலிக் கப்பலில் இத்தனை வருஷம் அடுப்படியில் வெந்தவர் இவர். பக்கத்துக் காட்டில் விளைந்ததை ஆக்கித் தின்பதுதான் பழைய இத்தாலிச் சாப்பாடு, கப்பலில் போட்டது அல்ல என்பது இவர் கட்சி. அதனால் இந்தக் கடையில் டின் கிடையாது, பாக்கெட் கிடையாது. விறகுக்குப் பருத்திமார். தட்டுக்குப் பதில் தையல் இலை. மிச்சம் ஆட்டுக்கு, கழுவின தண்ணீர் முருங்கைக்கு. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகிற வெள்ளைக்காரர்கள் நம் காரத்தில் நாக்கு வெந்து வருவார்களாம், அவர்களுக்கு நடுவழியில் ஒருவேளை வீட்டுச் சாப்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதுவரை வண்டியை நிறுத்தியவர்கள்: வழி கேட்டவர்கள். கக்கூஸ் கேட்டவர்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். அதே காற்று. சரியான தூக்கம் இல்லை.

பம்பாய் ஏஜெண்ட் மறுபடி போன். கப்பலில் வேலைக்கு இடம் இருக்கிறதாம். இவர் சொல்லவில்லை, எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் சாந்தி சொன்னாள். நேரே கேட்டுவிட்டேன்.

"அடுத்த செவ்வாய் மதுரை வேன் வருதுல்லா, அதைப் பாத்துட்டுச் சொல்லுதேன்னுருக்கேன்" என்றார். பேச்சோடு பேச்சாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேன் என்றால், மதுரையில் ஒரு டிராவல்ஸ். அதில் கைடாக இருக்கும் பாஸ்கர் ஒரு வேன் நிறைய இத்தாலிக்காரர்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே நிறுத்திப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். ஆகஸ்டு முழுக்க அந்த ஊரில் லீவாம், கூட்டம் கூட்டமாக வருவார்களாம். பிடித்துவிட்டால் செவ்வாய்தோறும் ஒரு வேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். வேன் நிற்க வேண்டும், இவரும் நிற்க வேண்டும். வந்த பெட்டியைப் பரணில் ஏற்றுவதற்குள் அடுத்த கப்பல், இதுதான் என் கல்யாணம். இந்தக் கடை போட்ட பிறகுதான் ஒரு பொங்கலைச் சேர்ந்து வைத்தோம். ஆனாலும் மனுஷன் உட்கார்ந்தால் தொடை ஆடிக்கொண்டே இருக்கிறது. பஸ் ஹாரன் கேட்டால் தலை தானாக ரோட்டுப் பக்கம் திரும்புகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

பசுவந்தனை பஸ்ஸில் ஆட்டுக்கார முத்துப்பேச்சி வந்தாள். ஆட்டுப்பால் ஒரு தூக்கு, திருநீற்றுப்பச்சிலை ஒரு கட்டு. ஆடு மேய்க்கிற ஓடைக்கரையில் சும்மா கிடக்கிறதாம். பாலில் எலுமிச்சை பிழிந்து இவர் திரிய விட்டதைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல பால் திரிஞ்சா நான் ஒப்பாரி வெப்பேன்க்கா. இவிய சிரிக்காவ!"

அடுத்தது துவையல், இத்தாலியிலும் இந்த இலையில்தான் அரைப்பார்களாம். பச்சிலை, வறுத்த கடலை, பூண்டு, கடலை எண்ணெய். சாமிக்குப் போடுகிற தழையை அம்மியில் வைக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு விரல் நக்கிப் பார்த்து, "ஒரு மிளகாய் வெச்சா எங்க ஆளுவளும் திம்பாவ" என்றாள். இவர் கேட்கவே இல்லை. விளாத்திகுளம் மிளகாயை வைத்துக்கொண்டு மிளகாய் போடாமல் அரைப்பவர் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

களி கிண்ட எடுத்துவைத்த முறுக்குச்சட்டியைத் தேய்க்க. மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாசமாய்ப் போச்சு.

நான் மில்லில் இருந்த நேரம் போர்டு எழுதுகிறவர் வந்திருக்கிறார். 'போலெந்தா' என்ற பேர் அவர் வாயில் நுழையவில்லை. அப்படின்னா என்ன அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறார். இவரும், "மக்காச்சோளக் களிதான், அப்படியே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டுப்பாலைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்க்கிறேன், ரோட்டைப் பார்த்துச் சிவப்பில் கொட்டை எழுத்து: 'இத்தாலிக் களி இங்கே கிடைக்கும்.'

முதலில் நின்றது ஒரு போலீஸ்காரர் பைக். "களி திங்க இங்கன எதுக்குங்க வரணும்? ஸ்டேஷனுக்கு வந்தா நாங்களே ஏற்பாடு பண்ணுவோம்லா." பஸ் ஸ்டாப்பே சிரித்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் கதையை முடித்துவிட்டது. இவர் கப்பலுக்கே போகவில்லையாம். இத்தனை வருஷமும் உள்ளே இருந்தாராம், அங்கே கற்ற சமையல்தானாம் இது.

பெரியத்தான் காரிலிருந்து இறங்காமலே கத்தினார். "ஆபீஸ்ல குச்சி அடுக்குத பொம்பளையெல்லாம் கேக்கா, சின்ன முதலாளி எப்ப வெளிய வந்தாவன்னு! அந்தப் போர்டை அழிடே!"

"களியக் களின்னுதான்ணே எழுத முடியும்."

"கப்பல்னு சொல்லிட்டு ஒந்தம்பி பாளையங்கோட்டையில இருந்தானான்னு ஒருத்தன் என்கிட்டயே கேக்கான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். எனக்கு என்ன பெரிய வித்தியாசம்? பாளையங்கோட்டை ஜெயில் என்றால் மனுப்போட்டாவது மாதம் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போர்டை அழிக்கவில்லை. யார் கேலி செய்தாலும் வாசலிலேயே நிற்கிறார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. 'களிக்கடை' என்றே பேர் விழுந்துவிட்டது. கண்டக்டர்கள் சொல்லி இறக்கிவிடுகிறார்கள்.

ஒன்று கவனித்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து இவர் தொடை ஆடவில்லை. பம்பாய்ப் பேச்சும் இல்லை. ரோஷம் வந்தால் மனுஷன் நிலைகொள்கிறார். ஊர்க்காரர்களே, இன்னும் கொஞ்சம் சிரியுங்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டேன், நாகலாபுரத்துக்கு. கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். "களியா? அதான் நெல்லுச்சோறு வந்தாச்சே, இன்னும் என்னத்துக்கு அந்தக் கருமம்" என்று வைத்துவிட்டார். கம்பங்களியைத் தின்று வளர்ந்தவர், இப்போது அந்தப் பேச்சே ஆகாது.

தையல் இலையை இரண்டு தரம் எண்ணினேன். செவ்வாயை நினைத்துத்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வந்தார்கள்! எழுதக் கை ஓடவில்லை.

வேன் லேட். இரண்டு தரம் அடுப்பை அணைத்து மூட்டினோம். இறங்கினவர்கள் எல்லாரும் சிவந்து, வியர்த்து, தொப்பியோடு. கொண்டைக்கடலை சூப், களி, மேலே தக்காளியும் ஆட்டுப்பால் கட்டியும், ஓரமாகத் துவையல். வெள்ளரிப்பிஞ்சு. இவர் அவர்களோடு அவர்கள் பாஷையில் பேசப் பேச எனக்கு யாரோ வேற்று ஆளைப் பார்ப்பது மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தார். எழுதினால் என்ன.

ஒரு பெண் துவையலை முகர்ந்துவிட்டுக் கண் கலங்கி "மாமா, மாமா" என்றாள். எந்த மாமாவைத் தேடுகிறாள் என்று நான் வாசலை எட்டிப் பார்த்தேன். அவர்கள் ஊரில் அது அம்மாவாம்.

வயசான ஒருத்தர் மட்டும் களியைப் பார்த்ததும் இலையைத் தள்ளிவிட்டார். இவர் முகம் செத்துப்போனது. பாஸ்கர் கேட்டுச் சொன்னார்: "சின்னப் பிள்ளையா இருக்கப்ப சண்டைக் காலமாம். காலைல, ராத்திரி, வீட்ல இது ஒண்ணுதானாம். கைல காசு வந்ததும் இனி தொடமாட்டேன்னு விட்டாராம். கோவமெல்லாம் இல்லக்கா, முடியலங்கிறாரு."

எங்கப்பா வந்து உட்கார்ந்திருந்தது போலவே இருந்தது எனக்கு. அப்பா மேல் இருந்த எரிச்சல் அங்கேயே போய்விட்டது. எங்களுக்கு வைத்திருந்த சோற்றில் மோரை ஊற்றிக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் முழுசும் சாப்பிட்டார்.

மற்றவர்கள் இலையை வழித்துவிட்டார்கள். ஏறும்போது பாஸ்கர் சொன்னது: "செவ்வாய்க்கிழமை எங்களுக்குன்னு வச்சிருங்க."

வேன் போன பிறகு பின்பக்கம் பருத்திமார்க் குவியலுக்குப் பின்னால் போய் நின்று தனியாகச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கேலியும். பெரியத்தான் வந்து உட்கார்ந்தார், தானாகவே ஒரு இலை கேட்டார். "வழவழன்னு இருக்கு. பரவால்லடே." அவர் வாயிலிருந்து இதற்கு மேல் வராது.

இவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இல்லை. தொடை ஆடுகிறது. காலையிலிருந்து எனக்கு வகுப்பு நடத்துகிறார். உப்பு எப்போது. ரவையை எப்படித் தூவ. துடுப்பைத் துளிக்கூட நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் கட்டி தட்டும்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"தெரிஞ்சுவச்சா என்ன?"

விளக்கேற்றும் நேரத்துக்குச் சொல்லிவிட்டார். "நீயே பாத்துக்கிடுவட்டி. பெரிய வேலை ஒண்ணும் இல்ல."

"அப்ப நீங்க?"

"இருக்க முடியலட்டி. கடை ஓடாம கெடந்தா ஓட்டிக் காட்டணும்னு நின்னுருப்பேன். இப்பத்தான் ஓடுதே."

போகாதீங்க என்றேன். வாய்விட்டுக் கேட்டேன், இதுவரை கேட்டதில்லை. அழுதுகொண்டுதான் கேட்டேன். அவரும் கண்ணைத் துடைத்தார். பிறகு ஒரு லாரி போனது, இவர் தலை திரும்பியது.

அந்த வேன் நிற்கட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவள் நான். நன்றாக நின்றது.

ஆகஸ்ட் 16, சனி

ரயில் ஏற்றிவிட்டேன். ஊறுகாய் மறந்துவிட்டார். நாலு நல்ல வார்த்தை பேச நினைத்தேன், "துண்டு எடுத்துக்கிட்டீங்களா" என்றுதான் வந்தது.

கடை பூட்டு. வீட்டுக்கும் போகப் பிடிக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து மார்க்கெட், திரும்பவும் ஸ்டேஷன். ஒன்றும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பெரியத்தான்: "பூட்டிரும்மா. டயர் கடைக்காரன் கேக்கான், வாடகைக்கு விட்டுரலாம்."

செவ்வாய் கழியட்டும் அத்தான் என்றேன். ஏன் சொன்னேன்?

இரண்டு தரம் கிண்டிப் பார்த்தேன். முதல் தரம் கட்டி, முத்துப்பேச்சி ஆட்டுக்கு. இரண்டாம் தரம் பரவாயில்லை. தோள்பட்டை விட்டுப்போகிறது. பச்சிலைத் துவையலில் ஒரு மிளகாய் வைத்தேன், நன்றாக இருக்கிறது. நாளைக்கும் வைப்பேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வேன் சரியான நேரம். நான்தான் லேட். தண்ணீர் கொதித்து, ரவையைத் தூவி, பாதிக் கிண்டலில் இருக்கிறேன், பாஸ்கர் அடுப்படியில் தலையை நீட்டினார்.

"மாஸ்டர் எங்கக்கா?"

"நாந்தான். உக்காரச் சொல்லுங்க, இப்ப வந்துரும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் பூத்திலிருந்து சாந்தி ஓடிவந்தாள், மூச்சு வாங்க.

"எக்கா, அண்ணாச்சி லைன்ல இருக்காவ. பம்பாயிலேருந்து. இப்பக் கப்பல் ஏறப் போறாவளாம், உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம். சீக்கிரம் வாங்க."

ஒரு எட்டுத்தான் பூத். கை துடுப்பை விடப் பார்த்தது.

"ஏறச் சொல்லு" என்றேன். "கிண்டுதேன்லா, கட்டி தட்டிரும்."