சிகிரியா சாலையில் நீட்டிய வெற்றிலை

24-1-1972, திங்கள்

எல்லாம் நான் முன்பே சொன்னபடிதான் நடக்கிறது. சிலோனில் கலகம் வரும் என்றேன், போன வருசம் வந்தது. அடங்கும் என்றேன், அடங்கியது. பவுல் ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்று "சிகிரியா போவோமா" என்று கேட்பான் என்றும் சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேன் என்பதுதான் ஞாபகமில்லை. இன்று காலை வந்து நின்றான்.

நாளைக்கு என் சரித்திரத்தை எழுதப்போகிறவனுக்காகக் குறித்து வைக்கிறேன்: பவுல் நாசரேத்துக்காரன், டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். படிப்புதான் என்னை விட்டது என்பான் அவன். இருக்கட்டும். என் கடைக் கயிறு இல்லாமல் இந்தத் துறைமுகத்தில் ஒரு தோணி நகராது.

"கண்ணு போய்க்கிட்டு இருக்குவே" என்றான். வலது கண் பாதிதானாம். இடதும் ஒரு வருசம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சிகிரியாக் குகையில் இருக்கிற பெண்களின் படத்தைப் புஸ்தகத்தில் பார்த்து, ஆயுசெல்லாம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன். நேரில் பார்த்ததில்லை.

"ரோட்டுல எல்லாம் பட்டாளத்தான் துப்பாக்கி வச்சிக்கிட்டு நிக்கானாமே?" என்றும் அவனே கேட்டான்.

"நான் கூட வாரேம்லா. எவன் சுடுவான்?"

சொல்லிவிட்டேன். உடனே கல்லாவை மூன்று தரம் எண்ணினேன். சில்லறை அதிகம், அதனால்தான்.

30-1-1972, ஞாயிறு

மில்லர்புரத்தில் பவுல் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி அற்புதமணி காப்பியைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். "போகாதீங்கன்னா கேக்கமாட்டாரு அண்ணாச்சி. முழுசாக் கொண்டுவந்து என் கையில குடுக்கணும். அம்புட்டுதான்."

மகள் கிருபை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தெருமுக்கைத் தாண்டுனாலே அப்பாவுக்கு எதுக்க வாரது தெரியல. இதுல சிலோனாம், மாமா!"

வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தால் யமனே யோசிப்பான்.

ஆத்தூர் வெற்றிலை நூறு கட்டியாயிற்று. பவுலுக்கு அதைக் கண்டாலே ஆகாது, மிஷன் வளர்ப்பு. "கப்பல்ல காறித் துப்பி மானத்தை வாங்காதேயும்" என்றான்.

9-2-1972

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினோம். வாந்தி எடுத்தேன். அது பித்தம். கடலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

10-2-1972, அனுராதபுரம்

தாகோபா என்கிற வெள்ளைப் புத்த ஸ்தூபியைப் பார்த்தோம். நம்ம மாதா கோயிலைப் போல ஐந்தை உள்ளே அடுக்கி மேலே ஒரு பாண்டியும் விளையாடலாம். ரெண்டாயிரம் வருசமாம். நான் மூவாயிரம் இருக்கும் என்று நினைக்கிறேன். "கொஞ்சம் பேசாம பாருமய்யா" என்றான் பவுல். அவன் தாகோபாவையும் பார்த்தான், கும்பிட வந்த ஜனங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

லாட்ஜ்காரன் சிகிரியா ரோட்டில் பட்டாளம் நிற்கிறது என்கிறான். திரும்பிவிடலாமா? பவுலிடம் கேட்கவில்லை. கேட்டால் சரி என்றுவிடுவானோ என்று பயம். வேண்டாம் என்றுவிடுவானோ என்றும்.

11-2-1972, வெள்ளி

பிழைத்தோம். பார்த்தோம். இதை மூன்றாம் தடவை எழுதுகிறேன் — பேனா சரியில்லை.

பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பத்துப் பட்டாளத்தான். இருபதுகூட இருக்கும். நான் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். அதிகாரி ஒருவர் எதிரே வந்தார். பெரிய மனுசன் வந்தால் நம்ம ஊரில் என்ன செய்வோம்? மடித்த வேட்டியை இறக்கி விடுவோம். மரியாதைக்கு இடுப்பில் கை வைத்துச் சட்டென்று அவிழ்த்து விட்டேன். மடிப்பிலிருந்த வெற்றிலைப் பொட்டலம் பொத்தென்று அவர் காலடியில் விழுந்தது.

அவ்வளவுதான். துப்பாக்கி எல்லாம் என் நெஞ்சுக்கு நேரே. போன வருசம் கலகக்காரப் பையன்கள் இப்படித்தான் குண்டைச் சுருட்டி எறிந்தார்களாம். அவர்களுக்கு என்ன தெரியும், இது வேட்டி மரியாதை என்று!

பவுல் மரம்போல நின்றுவிட்டான். பாவம், கண் தெரியாதவன். நான் அசரவில்லை. மெல்லக் குனிந்து பொட்டலத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பிரித்து, இரண்டு கையாலும் வெற்றிலையை நீட்டினேன். அந்த ஊரில் அது பெரிய மரியாதை. அதிகாரி சிரித்து ஒன்றை எடுத்துக்கொண்டார். துப்பாக்கிகள் இறங்கின.

பிறகு சிகிரியா. இரும்புப் படி சுற்றிச் சுற்றி ஏறுகிறது. மேலே குகைச் சுவரில் அந்தப் பெண்கள், கையில் பூவோடு. பவுல் இடது கண்ணைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் நின்றான். "விரலை நான் தப்பாப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்வே" என்றான். "இவ்வளவு நாளும் தப்பு. வளைவு இங்கன இருக்கு பாரும்." கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். தூசி கிடையாது, உண்மையான தண்ணீர். இவனோடு இதைப் பார்க்க வைத்தாயே, சாமி. அவன் சாமிக்கும் சேர்த்து நன்றி.

15-2-1972

அற்புதமணி கையில் பவுலை முழுசாக ஒப்படைத்தேன். வெற்றிலைக் கதையைச் சொன்னேன். அழுதுவிட்டாள், "நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்றாள். பவுல் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

26-2-1972

சலூனிலும் வெற்றிலைக் கதையைச் சொன்னேன். கதையில் பட்டாளத்தான் இப்போது ஐம்பது பேர்.

5-3-1972, ஞாயிறு

பத்து நாளாகப் பவுல் கடைக்கு வரவில்லை. சாயங்காலம் அவன் வராவிட்டால் கடையைத் திறந்து வைத்தும் அடைத்த மாதிரி இருக்கிறது. போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாசல் கதவில் உள்பூட்டு!

"அப்பாவை இனி தனியா விடமாட்டேன் மாமா" என்றாள் கிருபை. "கோயிலுக்குக்கூட நாந்தான் கூட்டிட்டுப் போறேன். மரம் மாதிரி நின்னுட்டாருன்னு நீங்கதான சொன்னிய? நீங்க மட்டும் இல்லன்னா?"

 அவள் உள்ளே போனதும் பவுலிடம் கேட்டேன், "ஏன்வே நீர் பேசாம இருக்கீரு?"

"நீர் நல்லாத்தான் சொல்லுதீரு" என்றான். சிரித்தான். "ஆசையாச் சொல்லுதீரு. நான் எதுக்குக் கெடுக்க?"

திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன். இதுக்கு என்ன செய்ய? இவன் இப்படித்தான். எனக்கு இப்படி ஒருத்தனைச் சாமி கொடுத்திருக்கிறது.

12-3-1972, ஞாயிறு

அவர்கள் கோயில் விட்டு வந்ததும் பவுல் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். தாயும் மகளும் கேட்டார்கள். கிருபை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அற்புதமணி காப்பி கொடுத்தாள். சீனி போடவில்லை.

15-3-1972, புதன்

இன்று சாயங்காலம் பவுல் தனியாக நடந்து கடைக்கு வந்தான். கம்பு ஒன்று வைத்திருக்கிறான். "அடுத்தாப்புல பொலன்னறுவை" என்றான், உட்காருவதற்கு முன்பே. அதுவும் சிலோனில் ஒரு பழைய ஊர்தான்.

அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். வெற்றிலையை நீட்டியது நான் இல்லை. அந்த ஊரில் அது மரியாதை என்று எனக்குத் தெரியவே தெரியாது. அனுராதபுரத்தில் ஒரு சின்னப் பெண் ஒரு பெரியவருக்கு வெற்றிலை கொடுத்துக் கும்பிட்டதைப் பவுல் பார்த்திருக்கிறான், அந்த அரைக் கண்ணால். நான் தாகோபாவுக்குள் கோயிலை அடுக்கிக்கொண்டு இருந்தபோது. ரோட்டில் அவன்தான் முட்டி போட்டு, தரையைத் தடவி, தொடவே அருவருக்கிற அந்தப் பொட்டலத்தை எடுத்து மெல்லப் பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினான். மரம்போல நின்றவன் நான். அதிகாரி சிரித்து, துப்பாக்கிகள் இறங்கி, மற்றவர்கள் எல்லோரும் பஸ் ஏறிய பிறகும் என் கை இரண்டும் மேலேதான் இருந்தன. பவுல்தான் வந்து, ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கிவிட்டான்.