வேனுக்கு ஏது அக்னி மூலை?

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே சுட்டெரிக்கும் வெயில். வேனின் கடைசி சீட்டையும் கழற்றியாயிற்று. அடியில் சூயிங்கம், உடைந்த பென்சில், யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைக் காலுறை. ஸ்கூடாய் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே பாதி ஆயுசு போன வண்டி. இனி நான் ஏறிப் படுக்கப் போகிற வண்டி.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேஸ் அடுப்பு. கடைசியில் கட்டில். கட்டிலுக்கு அடியில் இடது பக்கம் பேட்டரி, இன்வெர்ட்டர். என் முடிவு. இவர், என் வீட்டுக்காரர், தலையாட்டினார். எதற்குத்தான் ஆட்டவில்லை?

இன்வெர்ட்டர் விளக்குக்கோ டிவிக்கோ இல்லை. என் மூச்சு மெஷினுக்கு. தூங்கினால் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. முகத்தில் மாஸ்க் மாட்டி, மெஷின் காற்றை ஊதினால்தான் நல்ல தூக்கம். மெஷினுக்கு வீட்டு கரண்ட் வேண்டும். பேட்டரி கரண்டை வீட்டு கரண்டாக மாற்றித் தருவது இந்தப் பெட்டி. பெட்டி ஒழுங்காக ஓடினால் மெர்சிங் கடற்கரை, அதற்கு மேலும் வடக்கே. ஓடாவிட்டால் கடைசி வரை இந்தப் படுக்கையறை, அந்த ஒரே பிளக்.

மகள் ரேவதி சிங்கப்பூரிலிருந்து போன்.

"அந்த வேன் காடிய வித்துருங்கம்மா. நடுராத்திரியில மெஷின் நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

"முழிச்சுக்குவேன்."

"உங்களுக்கு எல்லாமே ஜோக்குதான்லா."

ஜோக் இல்லை. பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் இன்வெர்ட்டர் கைடு புத்தகத்தை வரி விடாமல் படிக்கிறேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 9, புதன்

மூட்டம். மழை இல்லை. வேலைக்கு நல்ல நாள்.

சுண்டுவிரல் தடிமனில் செம்பு கேபிள், ஃபியூஸ், பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கிற கட்டை சுவிட்ச், ரப்பர், இரும்பு வாஷர், ஆட்டத்தில் கழலாத நட்டு. எல்லாம் வந்துவிட்டது.

துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய்க் குழாய், பிரேக் குழாய் போகும் வழிக்கு சாக்பீஸ் கோடு. முழங்கையில் கிரீஸ். இவர் வெளியே நின்று "மெல்ல, மெல்ல" என்று பாடிக்கொண்டிருந்தார். துளை போடுகிறவள் நான், வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

தடித்த பலகை, மேலே தகரம், அதன் மேல் பெட்டி. அடியில் ரப்பர். நாலு புறமும் கை போகும் இடைவெளி, விசிறி இருக்கும் பக்கம் முழுக்கத் திறப்பு. மெத்தை, போர்வை எதுவும் தொங்கி மூடாதபடி தடுப்புக் கம்பி. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே. கேபிள் எங்கே உரசித் தொலைத்தாலும் முதலில் ஃபியூஸ் போகட்டும், நான் போக வேண்டாம்.

சாயங்காலம் லாயாங் லாயாங் ஊரிலிருந்து அண்ணன் வந்தார். என் கூடப் பிறந்தவர். வாழ்நாள் முழுக்க வீட்டு வயரிங் செய்தவர். ஓய்வு பெற்றபின் வாஸ்து பிடித்துக்கொண்டது. போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு வேனுக்குள் சுற்றி வந்தார். முகம் சுருங்கியது.

"காடி கிழக்கப் பாத்து நிக்கிது. அப்ப இது வாயு மூலை இந்திரா. உனக்கு வியாதியே மூச்சுலதான். வாயு மூலையில கொண்டுபோய் கரண்டு நெருப்ப வைக்கிறியே!"

"வேற எங்க வைக்கணும்?"

"அக்னி மூலை. அதோ, அடுப்பு பக்கத்துல."

"கேஸ் பக்கத்துலயா? லேசா கேஸ் கசிஞ்சு, பெட்டியில ஒரு பொறி பறந்தா?"

"நெருப்பு நெருப்போட சேரணும்."

சேரும் அண்ணே, நல்லாவே சேரும் என்றேன். வேன் ஓடுகிற வண்டி, முச்சந்தி வரும்போதெல்லாம் மூலையும் திரும்புமே என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். "வீட்டு வாசல்ல எந்தப் பக்கம் பாத்து நிக்குதோ, அதான் கணக்கு."

நகர்த்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டம்ளரில் கலந்து வைத்த தே குடிக்காமலே எழுந்து போனார்.

ஜூலை 10, வியாழன்

வெயில். சாஆ ஊரில் சித்தி பேத்திக்கு வளைகாப்பு. காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் வீடு. சாப்பாடு பிரமாதம். என் குறட்டையைப் பற்றி அங்கேயும் பேச்சு.

வந்து பார்த்தால் பெட்டி கட்டிலுக்கு அடியில் இல்லை. அடுப்பை ஒட்டி, கேஸ் சிலிண்டருக்குத் தலைமாட்டில், சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் வேலை. நான் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார்.

இவரைக் கேட்டேன். "ஒங்க அண்ணன்தானே. நான் எப்படித் தடுக்கிறது?"

அது மட்டுமென்றால்கூடப் பொறுத்திருப்பேன். பேட்டரியிலிருந்து அடுப்பு வரை என் கேபிள் எட்டவில்லை போல. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற மெல்லிய வயரை இழுத்திருக்கிறார். ஃபியூஸும் காணோம். டூல்ஸ் டப்பாவில் கிடந்தது.

போன் போட்டேன்.

"அண்ணே, இந்த வயர் தாங்காது."

"குளிக்கிற ஹீட்டரையே தாங்குது, ஒன் பெட்டிய தாங்காதா?"

"அது வீட்டு கரண்ட். இது பன்னெண்டு வோல்ட்டு. வோல்ட்டு குறைஞ்சா அதே வேலைக்கு ஆம்பியர் எகிறும். இருபது மடங்கு எகிறும் அண்ணே. வயர் பழுத்துடும்."

"நீ எனக்கு வயரிங் சொல்லிக் குடுக்கிறியா?"

"ஆமா."

போனை வைத்துவிட்டார். வைக்கட்டும். என் மூச்சை எங்கே வைப்பது என்று என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

விடிகாலைத் தூறல். கழற்றினேன். முதலில் கட்டை சுவிட்ச், அப்புறம் பேட்டரி நெகட்டிவ், அப்புறம் மற்றதெல்லாம். மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். பழைய இடத்திலேயே பெட்டி. பழைய கேபிள், பழைய ஃபியூஸ். சந்தனத்தை மட்டும் துடைக்கவில்லை.

பிறகு சாவியைப் போட்டு, எங்கள் தமான் குடியிருப்பின் முனை வரை போய், வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்து மேற்கே பார்த்து நிறுத்தினேன். அண்ணனை வரச் சொன்னேன்.

"திசைகாட்டியத் தொறங்க. இப்ப பெட்டி எந்த மூலையில இருக்கு?"

பார்த்தார். போனை உதறினார். மறுபடி பார்த்தார்.

"அலமாக்! தென்கிழக்கு."

"அப்படின்னா?"

"அக்னி மூலை." வாய்க்குள்ளேயே சொன்னார்.

இவர் சிரிப்பை அடக்க வீட்டுக்குள் ஓடினார். நான் அடக்கவில்லை.

ஜூலை 12, சனி

புழுக்கம். பெட்டிக்குப் பரீட்சை. மூச்சு மெஷின் கொஞ்சமாகத்தான் கரண்ட் இழுக்கும். பெரிதாக இழுக்கிற ஒன்று வேண்டும் என்று ரைஸ் குக்கரைச் செருகினேன். விசிறி ஓடியது. சோறு கொதித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். கூப்பிடாமலே வந்திருந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"நிப்பாட்டு. சூடேறுன வாடை."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் நிறுத்தினேன். பேட்டரி முனையில் கேபிள் மாட்டிய இடம், விரல் வைக்க முடியவில்லை.

"வாஷர எங்க போட்ட?"

கேபிள் தலைக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் போட்டிருக்கிறேன். செம்பு நேராக முனையில் உட்கார வேண்டும், வாஷர் மேலே வர வேண்டும். நேற்றைய அவசரம். என் தப்புதான். அண்ணன் ஸ்பேனரை எடுக்கக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. நானே கழற்றி, நானே மாற்றி, முறுக்கினேன். மறுபடி குக்கர். இந்தத் தடவை வெதுவெதுப்போடு நின்றது.

"நல்ல மூக்கு அண்ணே." அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சோற்றில் தயிர் ஊற்றி மூவரும் வேனிலேயே சாப்பிட்டோம்.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் பெருமழை. அந்தக் குளிர்ச்சியில் தூக்கப் பரீட்சை. கட்டிலில் படுத்து மாஸ்க் மாட்டினேன். இவருக்கு மெஷின் அருகில் காவல். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து வேன் கதவருகே குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

"வீட்டுக்குள்ள போங்கண்ணே, நனையிறீங்க."

"பரவால்ல. நீ படு."

தூங்கிப் போனேன். ஆழமான தூக்கம், கனவு கூட இல்லை. விழித்தபோது மழை விட்டிருந்தது. மெஷின் ஊதிக்கொண்டே இருந்தது. பேட்டரி அதிகம் இறங்கவில்லை. அண்ணன் அதே நாற்காலியில், கால்சட்டை முட்டி வரை ஈரம்.

"பெரியக்காவும் இப்படித்தான் மத்தியானம் படுத்தாங்க," என்றார். "நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். குறட்டை நின்னதும், சரி, அக்கா நிம்மதியா தூங்குறாங்கன்னு நெனச்சேன்."

எங்கள் பெரியக்கா அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அது எனக்குத் தெரியும். அண்ணன் பக்கத்து அறையில் இருந்தது தெரியாது. யாரிடமும் சொன்னதில்லையாம்.

அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. அக்காவிடம் மெஷின் இல்லை. என்னிடம் இருக்கிறது. அண்ணனின் பயத்துக்காக நான் பிளக்கோடு கட்டிக் கிடக்க முடியாது. அப்படியே சொன்னேன். தே கலந்து கொடுத்தேன், குடித்தார்.

ஜூலை 18, வெள்ளி

காற்று. துணி மடித்தாயிற்று. தீயணைப்பு டப்பா கதவருகே. மாஸ்க் உபரி ஒன்று. டார்ச். இவருடைய மாத்திரை. மிளகாய்த்தூள் மறக்காதே.

ரேவதி போன். "ஆடி பொறந்துருச்சும்மா. மாமாவே ஆடியில கெளம்பக் கூடாதுன்னு சொல்லுவாரே."

"அவர் இன்னும் சொல்லல."

"சொன்னா?"

"சொன்னாலும் நாளைக்குக் கெளம்புறோம்."

"போட்டோ அனுப்புங்க," என்றாள்.

ஜூலை 19, சனி

தெளிந்த வானம். கிளம்பியாயிற்று. அண்ணன் வரவில்லை. வழி நெடுக செம்பனைத் தோட்டம். குளுவாங் ஊர் தாண்டி இவருக்கு வாந்தி. நான் ஓட்டினேன், அவர் பாட்டுப் போட்டார். மெர்சிங்கில் வறுத்த மீன். கடலைப் பார்த்து நிறுத்தினோம். நிறுத்தும்போது திசை எதுவும் பார்க்கவில்லை.

பெட்டியைத் தொட்டேன். கேபிள் முனையைத் தொட்டேன். கேஸ் மூடியிருக்கிறது. மாஸ்க்.

ஜூலை 20, ஞாயிறு

கடல் காற்று. நன்றாக விடியவில்லை. மெஷின் ஓடுகிறது. போன் சத்தத்தில்தான் கண் விழித்தேன். அண்ணன்.

"இந்திரா? இந்திரா, பேசு."

மாஸ்க்கைத் தூக்கினேன். "பேசுறேன்ணே."

அந்தப் பக்கம் பெருமூச்சு. இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"இவ்ளோ நேரமாச்சு, இன்னும் எழுந்திரிக்கலையான்னு…"

"இல்ல. நீங்களும் போய்ப் படுங்க. நான் மறுபடி தூங்கப் போறேன்."

மாஸ்க்கை இறக்கினேன். தூங்கினேன்.