வார்டுக்கு வெளியே நின்றவர்

ஜூன் 18

அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்றால் நான் ஒருவன்தான், நான் நலம். முழங்கால் வலி தன் பாட்டுக்கு இருக்கிறது. மாடிவீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தாள். "உங்க பொண்ணு ஆயராகி வந்துட்டா, என்னைப் புதைக்கறப்போ ஜெபம் பண்ண ஒரு பொம்பளை ஆள் கிடைச்சாச்சு" என்கிறாள். அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டேன்.

நிற்க. உன் கடைசி மூன்று கடிதங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். டிக்கெட்டை நீட்டுகிற கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். உன் கடிதங்களில் ஏதோ சரியில்லை.

முன்பெல்லாம் விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை, எபிரேயம் மண்டையில் ஏறவில்லை, அறைத்தோழி குறட்டை விடுகிறாள் என்று நாலு பக்கம் புலம்புவாய். படிக்க சுகமாக இருக்கும். இப்போது என்னடாவென்றால் என்னைப் பற்றியே கேட்கிறாய். ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று நான் எழுதினால், "கடைசி பெஞ்சில் உட்கார்ந்தீர்களா அப்பா? அங்கே உட்கார்ந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று எழுதுகிறாய். எப்படி இருக்கும்? பெஞ்சு மாதிரிதான் இருந்தது.

ஒன்று, கிரேக்கத்தில் கோட்டை விட்டிருக்கிறாய். இல்லை, படிப்பை நிறுத்தப் போகிறாய். அதுவும் இல்லையென்றால் எவனோ ஒருவன் இருக்கிறான், அவனைச் சொல்வதற்கு முன்னால் என்னை நைசாகப் பதப்படுத்துகிறாய். மூன்றில் எது என்று மறுதபாலில் எழுது.

இன்னொன்று. ஜூன் 9-ஆம் தேதிக் கடிதத்தில் அம்மா போன நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். ஆறு வருஷமாகக் கேட்காதவள் இப்போது ஏன் கேட்கிறாய்? எனக்கு அன்றைக்கு டியூட்டி. ஊருக்கே தெரியும். போனில் கேட்டால் நான் வைத்துவிடுவேன் என்று தெரிந்துதானே கடிதத்தில் கேட்டாய்?

அன்புடன்,
அப்பா


ஜூன் 27

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். கிரேக்கத்தில் தேறிவிட்டேன், நூற்றுக்கு அறுபத்திரண்டு. எவனும் இல்லை. படிப்பையும் நிறுத்தவில்லை. மூன்று சந்தேகமும் தள்ளுபடி. என் அப்பாவுக்கு நாலாவது ஒன்று தயாராக இருக்கும் என்று தெரியும்.

இந்த வருஷம் புதன்தோறும் எங்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நோயாளி பேசினால் கேட்கவேண்டும். ஜெபிக்கச் சொன்னால் மட்டும் ஜெபிக்கவேண்டும். புத்தி சொல்லக்கூடாது. என் முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், "ஊசி போடறதுன்னா போட்டுட்டுப் போம்மா, எதுக்கு இவ்வளவு பீடிகை?" என்றார். நான் ஊசி போட வரவில்லை, சும்மா பேச வந்தேன் என்றேன். அவருக்கு அது ஊசியைவிடப் பயமாகிவிட்டது.

அந்த வார்டுகளில் நடக்கும்போது அம்மா ஞாபகம் வருகிறது. அதனால்தான் கேட்டேன். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் அப்பா? ஊருக்குச் சொன்னதை எனக்கும் சொல்லவேண்டாம்.

உங்கள் வாயாடி


ஜூலை 9

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. "ஊருக்குச் சொன்னதை எனக்கும் சொல்லவேண்டாம்" என்று எழுதிவிட்டாய். யார் என்ன சொன்னார்கள் உனக்கு? அந்த வார்டு நர்ஸா? உன் அத்தையா? அத்தையாக இருந்தால் ஒரு வார்த்தையை ஒன்பதாக்கியிருப்பாள், நம்பாதே.

யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு எனக்கு டியூட்டி இல்லை. காலை ஒன்பது மணிக்கே மருத்துவமனைக்கு வந்துவிட்டேன். நீ உள்ளே இருந்தாய். நான் வராந்தாவில் நின்றேன். கதவில் கை வைப்பேன், எடுத்துவிடுவேன். அவள் மூச்சு விடும் சத்தத்தை முந்தின நாள் கேட்டிருந்தேன். அதை மறுபடியும் கேட்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை.

சுவரில் ஒரு தீயணைப்பு உருளை மாட்டியிருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒட்டியிருந்த தாளைப் பதினோரு தடவை படித்தேன். பாதுகாப்பு ஊசியை இழு, குழாயைத் தீயின் அடியில் காட்டு என்று இன்றைக்கும் ஒப்பிப்பேன். பதினொன்றரைக்கு நர்ஸ் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் உள்ளே போனேன்.

வந்தவர்கள் எல்லாம் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். டியூட்டி என்று சொல்லிவிட்டேன். ஒருவரிடம் சொன்னதை மற்றவர்களிடமும் சொல்லவேண்டியதாயிற்று. அவளும் டியூட்டி என்றே நினைத்திருப்பாள். அப்படி நினைத்தாளா, வேண்டுமென்றே வரவில்லை என்று நினைத்தாளா, அது தெரியாமல்தான் ஆறு வருஷமாகப் படுத்து எழுந்திருக்கிறேன்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. பொடிப்பொடியாகக் கிழி.

அப்பா


ஜூலை 17

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு பெரிய பாரத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். என்னை நம்பிச் சொன்னதற்கு நன்றி. உங்கள் வேதனையை என்னால் உணர முடிகிறது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றாவது ஞாயிறு எங்கள் வகுப்பு நெட்டையன் நம் சபைக்குப் பயிற்சிப் பிரசங்கத்துக்கு வருகிறான். நல்லவன். மதியம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போடுங்கள்.

அன்பு மகள்


ஆகஸ்ட் 20

இறையியல் மூன்றாம் ஆண்டு மாணவி அவர்களுக்கு,

உங்கள் நெட்டையர் வந்தார். நன்றாகப் பேசினார், குரலும் கணீரென்று இருந்தது. ஒரு தபால்காரரின் கதை சொன்னார். மனைவி வார்டுக்குள் செத்துக்கொண்டிருக்கிறாள், தபால்காரர் உள்ளே போகாமல் வெளியே நிற்கிறார். நான் பாவம் என்று நினைத்தேன். அடுத்த வாக்கியத்தில் அந்தத் தபால்காரர் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் தாளைப் பதினோரு தடவை படித்தார்.

கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். பிறகு அவர் சொன்னார்: "அந்த மனிதரை மன்னிக்கக்கூடிய ஒரே ஆள் போயாச்சு. இனி யார்கிட்ட போய்க் கேப்பார் அவர்?" பக்கத்தில் தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஐயோ பாவம்ங்க அந்தத் தபால்காரர்" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

மதியம் அவனுக்குச் சாப்பாடு போட்டேன். சொன்ன வார்த்தை தவறக்கூடாதே. பரிமாறிக்கொண்டே கேட்டேன், "நல்ல கதை தம்பி, எங்க பிடிச்சீங்க?" அவன் வெகுளி, கக்கிவிட்டான். வார்டில் யாரோடாவது பேசி அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொடுக்கவேண்டுமாம். இடப்பக்கம் அவர் பேசியது, வலப்பக்கம் நீ நினைத்தது, கீழே ஆசிரியர் குறிப்பு. உரையாடல் பதிவு என்று பேராம். பெயரையும் வேலையையும் மாற்றிவிட்டால் போதுமாம். "உங்க பொண்ணோட பதிவுதான் அங்கிள் வகுப்பிலேயே முதல்" என்றான். அந்தத் தபால்காரர் நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன்.

"எப்படி இருந்தது அப்பா, எப்படி இருந்தது அப்பா" என்று நீ கேட்டதெல்லாம் இதற்குத்தானா? நான் கிழித்துப் போடச் சொன்னேன், நீ மதிப்பெண் வாங்கியிருக்கிறாய். நாளைக்கு ஒருவன் உன்னை ஆயர் என்று நம்பி வாயைத் திறப்பானே, அவன் கதி என்ன?

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். அந்தப் பதிவை எழுதச் சொல்லி உங்கள் ஆசிரியர் சொன்ன தேதி என்ன? நீ என்னை முதலில் கேட்டது ஜூன் 9. கடிதம் என்னிடம் இருக்கிறது. தேதியை மட்டும் எழுது.

தபால்காரர்


ஆகஸ்ட் 28

அப்பா,

ஜூன் 3.

இதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதினேன். அன்பினால்தான் கேட்டேன், பதிவு எழுதும் யோசனை பிறகுதான் வந்தது என்று அதில் இருந்தது. படிக்க நன்றாக இருந்தது, அதனால் கிழித்துப் போட்டேன். ஜூன் 3-ஆம் தேதி சொன்னார்கள், ஆறு நாள் கழித்து உங்களைக் கேட்டேன். வார்டில் யாரும் என்னிடம் மனம் விட்டுப் பேசவில்லை. உங்கள் கடிதத்தை வைத்து நாம் நேரில் பேசியதுபோல எழுதிக் கொடுத்தேன். இதுதான் உண்மை.

ஆனால் பாதி உண்மைதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் சரி.

நீங்கள் வராந்தாவில் நின்றது எனக்கு அன்றைக்கே தெரியும். யாரும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அங்கே சும்மா நிற்கவில்லை நீங்கள். மற்ற நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, "பாஸ் இருக்கா? ஒரு நோயாளிக்கு ஒருத்தர்தான், மத்தவங்க வெளிய இருங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சத்தம் கட்டில் வரைக்கும் கேட்டது.

அம்மா கண்ணைத் திறந்தார்கள். "உங்கப்பாவா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "இங்கயும் வந்து பாஸ் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு பாரு" என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் உங்களைக் கூப்பிட எழுந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கூப்பிடாதே. இதையெல்லாம் அவரால பாக்க முடியாது. சத்தம் கேக்குதில்ல, அது போதும். நான் கோவிச்சுக்கலைன்னு அப்புறமா சொல்லிடு."

அப்பா, சொல்லிடு என்று என்னிடம்தான் சொன்னார்கள்.

அடக்கத்துக்கு முன்னால் சொல்லத்தான் வந்தேன். அப்போது நீங்கள் அத்தையிடம் "டியூட்டி, வர முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பதினாறு வயது எனக்கு. உங்களுக்கு அம்மாமேல் அன்பே இல்லையோ, அதனால்தான் பொய் சொல்கிறீர்களோ என்று சந்தேகம் வந்தது. நீங்களாக உண்மையைச் சொல்லுகிறவரைக்கும் நானும் சொல்வதில்லை என்று வைராக்கியம் பிடித்தேன். முதல் வருஷம் கோபம். பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இதை மறைத்துக்கொண்டேதான் ஊழியத்துக்குப் படிக்கிறேன் என்று வந்தேன். அந்த வகுப்பு வேலை இல்லாவிட்டால் கேட்கவே துணிந்திருக்கமாட்டேன்.

நீங்களாகச் சொன்ன பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போது பயம் வந்துவிட்டது. பக்தியாக நாலு வரி எழுதி அனுப்பினேன். பதிவுத் தாளின் அடியில் ஆசிரியர் எழுதிய குறிப்பைத்தான் நெட்டையன் பிரசங்கித்தான்: இவரை மன்னிக்கக்கூடிய ஒரே ஆள் இப்போது இல்லை. வகுப்பே தலையாட்டியது. நான் அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

தாளை ஆசிரியரிடம் கேட்டுத் திரும்ப வாங்கிவிட்டேன். எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லை என்று தோன்றுகிறது. பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னால் கிளம்பி வந்துவிடுகிறேன்.

உங்கள் மகள்


செப்டம்பர் 14

வாயாடிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. வேண்டுமென்றே தாமதிக்கவில்லை. நாலு தடவை பேனாவை எடுத்தேன், நாலு தடவையும் உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. ஆறு வருஷம்! விடுதிக்குப் போகும்வரை ஒவ்வொரு நாளும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாயே, ஒரு நாளாவது வாயில் வந்திருக்கக் கூடாதா? வாயாடி என்று உனக்குப் பேர் வைத்த என்னை எதால் அடிப்பது?

அப்புறம் சந்தேகம் வந்தது. ஆறுதல் சொல்லத்தானே அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். கிழவன் மனம் உடைந்துவிட்டான், அவனைத் தேற்ற ஒரு கதை கட்டுவோம் என்று நீ உட்கார்ந்து எழுதியிருந்தால்? இரண்டு நாள் அந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கள்ள டிக்கெட்டைப் பார்க்கிற மாதிரி.

ஆனால் அந்த பாஸ் விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கும் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. உள்ளே பெண்டாட்டி போய்க்கொண்டிருக்கிறாள், வெளியே இவன் அதிகாரம் பண்ணிக்கொண்டு நிற்கிறான் என்று என்னை நானே காறித் துப்பிக்கொள்ளாத நாள் இல்லை. அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்குத்தான் அது தெரிய முடியும். ஆகவே நம்புகிறேன்.

நம்பியதும் அழுதேன். சத்தமாகவே அழுதேன். தையல்காரம்மா கதவைத் தட்டினாள், ஜலதோஷம் என்றேன். அவள் நம்பவில்லை. கஷாயம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுப் போனாள்.

பெட்டியை அவிழ்த்துத் துணிகளை எடுத்து வை. படிப்பை நிறுத்த நான் சம்மதிக்கமாட்டேன். ஆனால் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதே. மறுபடியும் எழுது. முழுசாக எழுது. உன் பெயரையும் போட்டு, ஆறு வருஷம் வாய் திறக்காததையும் போட்டு, வகுப்பில் நீயே எழுந்து படி. நெட்டையனும் கேட்கட்டும். தபால்காரர் என்று போடாதே, டிக்கெட் பரிசோதகர் என்றே போடு. தபால்காரன் எவனாவது வராந்தாவில் பாஸ் கேட்பானா?

உன் ஆசிரியரிடமும் சொல். குறிப்பைத் திருத்தச் சொல். மன்னிக்கவேண்டியவள் அன்றைக்குக் காலையிலேயே மன்னித்தாயிற்று, கொண்டுவந்து கொடுக்கவேண்டியவள்தான் தாமதம் என்று எழுதச் சொல்.

நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. பொய் சொல்வானேன்? அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். நடுவில் நீ எனக்கு ஆறுதலாக எதுவும் எழுதவேண்டாம், பழையபடி விடுதிச் சாப்பாட்டைத் திட்டி எழுது.

விடுமுறை விட்டதும் நேரே வீட்டுக்கு வா. அவள் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாய். எப்படிச் சிரித்தாள், வாய்விட்டா, உதட்டோடா, எவ்வளவு நேரம் சிரித்தாள் என்று ஒன்றும் எழுதவில்லை. எழுதாதே. வந்து எதிரில் உட்கார்ந்து சொல்.

அப்பா