அடுப்பு எரியாத நாளுக்குச் சரியான விடை

அனுப்புநர்:
தொழிற்கூடத்தில் 'கண்ணாடியம்மா' என்று அழைக்கப்படுபவர்,
ஆயத்த ஆடைச் சரிபார்ப்பாளர்,
பயிற்சி மையத்தின் மேல்மாடி வீடு.
(தங்கள் அலுவலகம் எங்களைப் பதிவெண்ணால் மட்டுமே அறியும் என்பதால் மகளின் நுழைவுச்சீட்டு நகலை இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பணியாளர் தேர்வு வாரியம்.

பொருள்: மொழித்தாள், 'சூழலுக்கேற்ற பொருள் அறிதல்' பகுதி – தவறான விடைக்குறிப்பைத் திருத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் ஆட்சேபத்தை நிராகரித்துத் தாங்கள் அனுப்பிய ஒற்றை வரிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெருமழை பெய்த ஒரு நாளில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது வெள்ளம் உள்ளே புகுந்தது. மோட்டார்கள் வைத்துத் தண்ணீரை இறைத்து அவரை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல எங்களுக்கு ஆளில்லை. மகள் அப்போது பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

2. பிறகு ஒரு வார இதழ்க்காரர் வந்து எங்களிடம் பேசிவிட்டுப் போய் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மனிதர். கேட்டதை எழுதினார், கேட்காததை எழுதவில்லை. அதில் ஒரு வரி: 'மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.' இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டுரையைத்தான் தங்கள் வாரியம் மொழித்தாளில் உரைநடைப் பத்தியாகக் கொடுத்தது. யாரிடம் கேட்டுக் கொடுத்தது என்று நான் இப்போது கேட்கவில்லை. அது வேறு மனு.

3. ஆனால் பத்திக்குச் சொல் அளவு உண்டாம். அளவுக்குள் அடக்குவதற்காக மழை, வெள்ளம், குழி, மோட்டார் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். மிஞ்சியது இவ்வளவுதான்: ஒரே அறை கொண்ட சிறிய வீடு, வாசலில் ஒரு சிறுமி, இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. அதன் கீழே கேள்வி: 'அடுப்பு எரியவில்லை என்பது இவ்விடத்தில் உணர்த்துவது யாது?' விடைகள்: அ) வறுமை ஆ) சோம்பல் இ) துயரம் ஈ) சிக்கனம். இடத்தை வெட்டி எறிந்துவிட்டு 'இவ்விடத்தில்' என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வராது, ஐயா.

4. அந்தத் தேர்வை எழுதியவர்களில் என் மகளும் ஒருத்தி. இரண்டாவது வரியிலேயே அவளுக்கு அது எந்த வீடு என்று தெரிந்துவிட்டது. கண்காணிப்பாளர் அருகில் வந்து, 'உடம்பு சரியில்லையா, வெளியே போறியா' என்று கேட்டிருக்கிறார். போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இ' கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். தங்கள் விடைக்குறிப்பில் 'அ' என்று வந்தது. ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவளுக்கு வேலை தவறியது.

5. ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று தாங்களே அறிவித்திருந்ததால் தெரிவித்தோம். கட்டுரையை முழுதாக இணைத்தோம். 'அங்கீகரிக்கப்பட்ட நூலின் ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்று பதில் வந்தது. நானே நேரில் வந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார்: 'அம்மா, நடந்தது வேற, விடை வேற. கைடுல என்ன போட்டிருக்கோ அதுதான். அதுல துயரம்னு இருந்தா ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க, நானே வாங்கிக்கறேன்.' கைடில் 'அடுப்பு எரியவில்லை – வறுமை' என்றுதான் இருக்கிறது. எத்தனையோ வீடுகளுக்கு அது சரி, நான் மறுக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அதற்கும் அந்தக் கைடில் பொருள் போட்டிருக்கிறார்கள், தாங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

6. ஆதாரம் என்று தாங்கள் கேட்டதால் சொல்கிறேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் அரிசி இருந்தது. பருப்பு இருந்தது. மழைக்கு முந்தின நாள்தான் என் கணவர் கியாஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிவந்து மாட்டினார்; 'இனி ரெண்டு மாசத்துக்குக் கவலையில்ல' என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த சோறு தட்டுப் போட்டு மூடியபடியே இருந்து ஊசிப்போனது. அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்ற நினைப்பு எங்கள் இருவருக்கும் வரவில்லை, அவ்வளவுதான். அவர் மாட்டிய அந்த சிலிண்டரில், அவர் இல்லாமல் நான் வைத்த முதல் உலை எப்படிக் கொதித்தது என்பது எந்த நூலிலும் இல்லை. அவர் இருந்தவரை நாங்கள் ஏழைகள் அல்ல. அவர் எங்களை அப்படி வைத்திருக்கவில்லை. அதை ஊரே படிக்கும் தாளில் தாங்கள் மாற்றி எழுதியது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மரியாதைக் குறைவாகத் தோன்றினால் மன்னிக்கவும், இதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

7. நான் ஆடைக்கூடத்தில் சரிபார்ப்பவள். அளவு அட்டை தவறாக வந்துவிட்டால் முழு வரிசையையும் நிறுத்தி, அட்டையைத் திருத்துவோம். சட்டைக்குத் தகுந்தபடி ஆளின் கையை வெட்டிக்கொள்ளச் சொல்வதில்லை. தங்கள் அலுவலகத்தில் முறை வேறு போலும்.

8. இதோடு முடிந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இந்த ஆண்டு வெளிவந்த கைடில் 'முந்தைய தேர்வு வினா' என்று அந்தப் பத்தியும் கேள்வியும் அச்சாகியுள்ளன. விடை 'அ' தடித்த எழுத்தில். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள பயிற்சி மையத்தில் அதைத்தான் நடத்துகிறார்கள். அங்கே பாடம் நடத்தும் முறை என்னவென்றால், ஆசிரியர் தொடரைச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் கூட்டாகப் பொருளைக் கத்த வேண்டும். 'தலைகீழாய் நிற்றல்' என்றால் 'பிடிவாதம்!' 'கம்பி நீட்டுதல்' என்றால் 'ஓடிவிடுதல்!' யோசிக்க இடைவெளி விடக்கூடாது என்பது மையத்தின் விதி. யோசித்தால் தவறாகிவிடுமாம்.

9. அந்த வகுப்பின் ஆசிரியர் என் மகள். வேலை கிடைக்காததால் அங்கேதான் சேர்ந்தாள். சென்ற மாதம் ஒரு காலையில் நான் உலை வைத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அவள் குரல் வந்தது. 'அடுப்பு எரியவில்லை' என்றாள். தரை அதிர 'வறுமை!' என்று பதில் வந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் மறுபடியும் சொன்னாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டேன். அன்றைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான்கு விடைகளில் அது எது என்று தங்கள் வல்லுநர் குழுவைக் கேட்டுச் சொல்லவும்.

10. மாலையில் மேலே வந்தவளை, 'உனக்கு எப்படிடி வாய் வந்தது' என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கோபப்படவில்லை. 'வேற என்னம்மா சொல்லச் சொல்ற? சரியான விடையச் சொல்லிக் கொடுத்தா அதுங்களும் என்னை மாதிரி ஒரு மார்க்குல நிக்கும்' என்றாள்.

11. அடுத்த மாதம் நடக்கும் தேர்வுதான் வயது வரம்பின்படி அவளுக்குக் கடைசி வாய்ப்பு. பழைய வினாக்கள் திரும்ப வருவது தங்கள் வாரியத்தில் வழக்கம். ஆகவே, அந்தப் பத்தியை வினாத் தொகுப்பிலிருந்து நீக்கவும், கட்டுரையை முழுதாகப் படித்துப் பார்த்து விடைக்குறிப்பைத் திருத்தவும், தவறென்று தெரிந்தால் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டுகிறேன். அந்த ஒரு மதிப்பெண்ணைத் தந்து வேலையும் தந்தால் மறுக்க மாட்டோம். தராவிட்டாலும் திருத்தம் வேண்டும்.

12. அவசரத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்று இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், 'அந்தக் கேள்வி திரும்ப வந்தா இந்தத் தடவை வறுமைன்னே போட்டுடறேம்மா' என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அவளுக்கு வேலை வேண்டும், எங்களுக்குச் சாப்பாடு வேண்டும். ஐயா, தங்கள் விடைக்குறிப்பு இப்போதுதான் மெல்ல மெல்ல உண்மையாகிக்கொண்டு வருகிறது. அவள் தன் கையால் அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவதற்கு முன்னால் தாங்கள் ஏதாவது செய்ய வேண்டும்.

நாள்: தேர்வு அறிவிப்பு வெளியான மறுநாள்
இடம்: பயிற்சி மையத்தின் மேல்மாடி

இப்படிக்கு,
அந்தப் பத்தியில் தாங்கள் நீக்கிய வரிகளில் இருந்த
லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி
(கையொப்பம்)

இணைப்பு: கட்டுரை, முழுமையாக.